குடி மட்டும் போதும்

எம் மகன் குடிக்க மாட்டான் டீச்சர். அதை மொதல்லயே சொல்லிப்புடறேன். மதுரை ஆஸ்பத்திரிக்குப் போறேன், பதினேழு வயசுப் பயலைப் படுக்கப் போட்டிருக்காங்கன்னு சொன்ன ஒடனே ஒரு பார்வை பாத்தீங்க பாருங்க, அந்தப் பார்வை எனக்குத் தெரியும். எங்க தெருவே அப்படித்தான் பாக்குது. அப்பன் குடிச்சே செத்தான், மகனும் அதே ரூட்டுன்னு. இல்ல டீச்சர். ஒரு சொட்டு அவன் நாக்குல பட்டதில்ல.

நீங்க டீச்சர்தான? கழுத்துல அட்டை தொங்குதே, அதைப் பாத்துத்தான் உங்க பக்கத்துல வந்து உக்காந்தேன். முன்னாடி ரெண்டு சீட்டு காலியாத்தான் கெடக்கு. அதுல உக்காந்தா கண்டக்டர் தம்பி போன்ல பேசுறதைக் கேட்டுக்கிட்டே வரணும். வத்தலக்குண்டுல ஏறுனதுல இருந்து யாருகிட்டயோ சண்டை போட்டுக்கிட்டே இருக்காரு, பொண்டாட்டியாத்தான் இருக்கும். உங்களைப் பாத்தா நல்லது கெட்டது தெரிஞ்சவங்களாத் தெரிஞ்சுச்சு. மனசுல உள்ளதைக் கொட்டலாம்னு உக்காந்துட்டேன். தொந்தரவா இருந்தா சொல்லிருங்க.

இந்தக் கூடை மடியிலயே இருக்கட்டும், மேல வைக்க வேணாம். சாப்பாடுதான். இட்லியும் பொடியும். பெருங்காயம் தூக்கலா அடிக்குதுல்ல? இன்னைக்குக் கொஞ்சம் கூடப் போட்டுட்டேன். ஜன்னலை நல்லாத் தொறந்துக்கங்க, காத்து வரட்டும். எம் மகனுக்கு எம் பொடின்னா உசுரு. நான் மில்லு கேன்டீன்ல சமையலுக்கு இருக்கேன், இருநூறு பேரு எம் பொடியைத் தொட்டு நக்கிட்டுத்தான் ஷிப்டுக்குப் போவாங்க. என்ன பிரயோஜனம், சொல்லுங்க. ஊருக்கே ஆக்கிப் போட்டேன், எம் பிள்ளை ஆறு மாசமா என் கைச் சோத்தைத் தொடல.

அதைக் கடைசில சொல்றேன். மொதல்ல இருந்து சொன்னாத்தான் உங்களுக்கு வெளங்கும்.

எங்க வீட்டுக்காரரு லோடுமேன். பகல்ல தங்கமான மனுசன். விளக்கு வெச்சாப் போதும், வேற ஆளு. அவரு செருப்புச் சத்தம் சந்து முனையில கேட்டா நான் அடுப்புல இருக்கிறதை எறக்கி வெச்சுருவேன், கொதிக்கிறது எதுவும் அவரு கைக்கு எட்டக் கூடாதுல்ல. லோகித்து கட்டிலுக்கடியில போயிருவான். லோகித்துன்னு பேரு வெச்சது அவருதான், நல்ல நெனப்புல இருந்த அன்னைக்கு. கடைசில ஒரு மழையில வாய்க்கா ஓரமா கெடந்தாரு. எம் பயலுக்கு அப்பப் பதிமூணு வயசு. கொள்ளி வெக்கிற வயசா அது? மொட்டையடிச்ச தலையோட என்னைய நிமிந்து பாத்தான் பாருங்க, எனக்கு அவரு செத்த துக்கம் இல்ல டீச்சர், நெஜமாச் சொல்றேன். இவனும் அப்படி ஆயிட்டா என்ன செய்யுறதுங்கற பயம்தான்.

அதான் காரியம் எல்லாம் முடிஞ்ச கையோட கருப்பு கோயிலுக்குக் கூட்டிட்டுப் போனேன். எங்க பக்கம் குடியை விடுறவங்களுக்குக் கயிறு கட்டுவாங்க, கேள்விப்பட்டிருப்பீங்க. சாமி முன்னால சத்தியம் பண்ணிக் கயிறு கட்டிக்கிட்டா அப்புறம் தொடக் கூடாது. தொட்டா கருப்பன் சும்மா விட மாட்டான், துடியான சாமி. வரிசையில எல்லாம் தாடியும் தொந்தியுமா ஆம்பளைங்க நிக்கிறாங்க, நடுவுல எம் பய, மொட்டைத் தலையோட டவுசர் போட்டுக்கிட்டு. பூசாரி சிரிச்சுட்டாரு. "என்னாத்தா, குடிகாரனுக்குக் கட்டச் சொன்னா பால் குடிக்கிறவனைக் கூட்டியாந்திருக்க?"ன்னாரு. வந்தப்புறம் கட்டி என்ன பூசாரி, வரதுக்கு முன்னால கட்டிவிடுங்கன்னேன். எனக்கு என்ன தைரியம் பாருங்க.

அவரு சொல்லச் சொல்ல இவன் திருப்பிச் சொல்லணும். சாராயம் தொட மாட்டேன், கள்ளு தொட மாட்டேன், பிராந்தி, பீரு எதுவும் தொட மாட்டேன். எம் பய கணீர்னு சொன்னான். அப்புறம் பூசாரி என்னையப் பாத்தாரு. "பீடி, சிகரெட்டு, மத்த லாகிரி எல்லாத்தையும் சேத்துக் கட்டிரலாமாத்தா?"ன்னாரு.

நான் வேணாம்னுட்டேன்.

ஏன்னு கேக்குறீங்களா? யோசிச்சுத்தான் டீச்சர் சொன்னேன். ஆம்பளைப் பய. நாளைக்கே சேக்காளி குடுத்தான்னு ஒரு சிகரெட்டை இழுத்து வெச்சான்னு வைங்க, சத்தியம் மீறினதா ஆயிரும். கருப்பன் குத்தம் பொல்லாதது. எங்க ஒண்ணுவிட்ட சித்தப்பா கயிறு கட்டின கையால குடிச்சுட்டு வாய் கோணிப் போனவரு, நான் கண்ணால பாத்திருக்கேன். பிள்ளைக்குத் தாங்குற அளவுக்குத்தான சத்தியம் வாங்கணும்? "குடி மட்டும் போதும் பூசாரி"ன்னேன். உன் இஷ்டம் தாயின்னு கட்டிவிட்டாரு. வருசா வருசம் ஆடியில கயித்தை மாத்திக் கட்டிக்கிட்டே வரேன். இன்னைக்கும் கையில கெடக்கு. எத்தனை பேரு பிள்ளைங்க டீச்சர், சாமிக்குக் குடுத்த வாக்கை இப்படிக் காப்பாத்துதுங்க?

அவனுக்குப் பதினாலு பதினஞ்சு இருக்கும். சட்டையைத் தொவைக்கப் போட்டிருந்தான். ஒரு வாசம் அடிச்சுச்சு. பச்சைத் தழையைப் போட்டுக் கொளுத்துன மாதிரி. பையில கைய விட்டா காயிதத்துல மடிச்சுக் கொஞ்சம் தூள். கூப்பிட்டுக் கேட்டேன். வேற பயலா இருந்தா பொய் சொல்லியிருப்பான். இவன் பொய் சொல்லல. என் பக்கத்துல உக்காந்து, என் கைய எடுத்து அவன் மடியில வெச்சுக்கிட்டு, எவ்வளவு பொறுமையா சொன்னான் தெரியுமா. எங்க வீட்டுல ஆம்பளை ஒருத்தரு என்கிட்ட அப்படி மெதுவாப் பேசுனதே அன்னைக்குத்தான்.

"ம்மா, இது செடிம்மா. துளசி மாதிரி, தூதுவளை மாதிரி. மண்ணுல வெளையுறது. கெமிக்கல் ஒண்ணும் கெடையாது. சிகரெட்டு அட்டையில கேன்சர் படம் போட்டிருக்கான்ல, இதுக்கு எங்கயாச்சும் போட்டிருக்கானா? ஃபாரின்ல டாக்டரே எழுதிக் குடுக்குறாங்கம்மா. படிப்பு நல்லா ஏறும். சரக்குதான் ஆளைப் புடிச்சு இழுக்கும், இது இழுக்காது. எப்ப வேணும்னாலும் விட்டுரலாம். எங்க செட்டுல எல்லாருக்கும் தெரியும்."

போன்ல காட்டினான். வெள்ளைக்காரப் பொம்பளை ஒண்ணு இங்கிலீசுல பேசுது. எனக்கு ஒரு எழுத்தும் வெளங்கல. ஆனா டாக்டர் கோட்டுப் போட்டிருந்துச்சு.

அப்புறம் கையத் தூக்கிக் காட்டினான். "கயித்தைப் பாரும்மா. கருப்பன்கிட்ட குடிக்க மாட்டேன்னு சொன்னேன். குடிச்சேனா? சாகுற வரைக்கும் குடிக்க மாட்டேன். அப்பா மாதிரி ஆக மாட்டேன்"னான். நான் அழுதுட்டேன் டீச்சர். சந்தோசத்துல.

நீங்க படிச்சவங்க, உங்களுக்குத் தப்பாத் தெரியலாம். எங்க வீட்டுல இருந்து பாக்கணும் நீங்க. அவங்கப்பா வந்தா சட்டி பறக்கும். இவன் வந்தா சிரிச்சுக்கிட்டே வருவான். "ம்மா பசிக்குது, இன்னும் ரெண்டு இட்லி போடு"ம்பான். பொடியை நல்லெண்ணெயில கொழைச்சு ஒரு தட்டு இட்லியை முடிச்சுட்டுக் குழந்தை மாதிரித் தூங்குவான். தெருவுல ஒரு சண்டை கெடையாது, ஒரு கெட்ட வார்த்தை கெடையாது. எந்த மகராசி வேணாம்பா? நாலு பேரு சாராயத்துல அழியுறப்ப எம் பய செடி கொடியோட நிக்கிறானேன்னு நிம்மதியாத்தான் இருந்தேன்.

கேக்காம இல்ல. ஒரு தடவை கேட்டேன், "எப்ப வேணும்னாலும் விட்டுரலாம்ங்கறியே, விட்டுக் காட்டு பாப்போம்"னு. ரோசக்காரப் பய, விட்டுட்டான். நாலு நாளு. ராத்திரி பூரா பொரண்டுக்கிட்டே கெடந்தான், தட்டைத் தூக்கிச் செவுத்துல அடிச்சான், சோறு எறங்கல, வேர்த்துக் கொட்டுது. சித்திரை மாசம் பாருங்க, வெயிலு. அஞ்சாம் நாளு மறுபடியும் வாசம். என்னடான்னேன். "அதான் விட முடியும்னு காட்டிட்டேன்லம்மா, அப்புறம் எதுக்கு விடணும்?"னான். நானும் யோசிச்சுப் பாத்தேன். அவன் சொல்றதுலயும் நாயம் இருக்கத்தான செய்யுது?

சேக்காளி ஒருத்தன், அபினேஷ்னு பேரு. செட்டுலயே அவன்தான் மொதல்ல ஆரம்பிச்சவன். டெய்லர் மகன். ரெண்டு பேரும் ஒண்ணாத்தான் திரிவாங்க. ஆனா பாருங்க, அவனுக்கு ஒண்ணும் ஆகல. கடவுளுக்குக் கண்ணு இல்ல. எம் பய தலையில மட்டும் விடிஞ்சுச்சு.

இல்ல, நான் செடியைச் சொல்லல. யாரோ கண்ணு வெச்சுட்டாங்க. அதைத்தான் சொல்றேன்.

பன்னெண்டாவதுக்கு வந்தப்புறம்தான் இதெல்லாம். காலையில பல்லு வெளக்குறதுக்கு முன்னால மாடிக்குப் போயிருவான். முன்னல்லாம் அது உள்ள போனா பசிக்கும், அப்புறம் அது இல்லாம பசியே கெடையாதுன்னு ஆயிருச்சு, அப்புறம் அது இருந்தும் பசி இல்ல. கெமிஸ்ட்ரி பரீச்சைக்குப் போகவே இல்ல. கேட்டா, ஹால்ல இருக்கிற வாத்தியாரு என் மனசுல ஓடுறதைப் படிக்கிறாருன்னான். வெளாட்டுக்குச் சொல்றான்னு சிரிச்சேன். எனக்கு எப்படித் தெரியும்? அப்புறம் எதுத்த வீட்டு மொட்டை மாடியில நின்னு தன்னையப் பத்தியே பேசுறாங்கன்னான். எதுத்த வீடு பூட்டிக் கெடக்கு டீச்சர், திருப்பூருக்குப் போயி ஒரு வருசம் ஆச்சு அவங்க.

அப்புறம் ஒரு நாளு தட்டை வெச்சேன். இட்லியைப் பிச்சு மோந்து பாத்தான். என்னையப் பாத்தான். "என்னத்தைக் கலந்த?"ன்னான்.

என்னைய. பெத்தவளை. "என்ன கலந்தம்மா, யாரு சொல்லிக் கலந்த?"ன்னு கேட்டான். நான் அந்த இட்லியை எடுத்து அவன் கண்ணு முன்னாலயே தின்னேன். முழுசா. அப்பவும் நம்பல. அன்னையில இருந்து என் கையால ஒரு வாய் திங்கல. கடையில பன்னு வாங்கித் தின்னான், அதுவும் கவரைத் திருப்பித் திருப்பிப் பாத்து. எனக்குக் கேன்டீன்ல கரண்டியைப் புடிக்கவே கை வரல. இருநூறு பேருக்குப் போடுறேன், ஒருத்தன் நம்பலைன்னா நான் என்னத்துக்கு ஆக்கணும்?

இந்தக் கையா? கொழம்பு பட்டது. ஆஸ்பத்திரில சேத்த அன்னைக்கு அடுப்புச் சட்டியைத் தூக்கினான், மாடியில நிக்கிறவங்க மேல ஊத்துறதுக்கு. என் மேல ஊத்தல. நான்தான் குறுக்க போனேன். அடுப்புல இருந்து எறக்கி வெச்சுருக்கணும், மறந்துட்டேன். ஆறிப்போச்சு, விடுங்க.

அந்த அபினேஷ்தான் ஓடியாந்து புடிச்சான். அவன்தான் ஆம்புலன்சுக்குப் போன் போட்டான், கூடவே ஏறி ஆஸ்பத்திரி வரைக்கும் வந்தான். வழியெல்லாம் அழுதுக்கிட்டே வந்தான் அந்தப் பய. நான் அவனைப் பேசாத பேச்சு இல்ல. நீ நல்லா இருக்க மாட்டடான்னு மண்ணை வாரித் தூத்தாத குறை.

அங்க ஒரு டாக்டரம்மா. சின்னப் பொண்ணு. "எத்தனை வயசுல ஆரம்பிச்சான்?"னு கேட்டாங்க. அவன் குடிக்க மாட்டான் மேடம், கயிறு கட்டியிருக்கான்னு சொன்னேன். "நான் குடியைக் கேக்கலம்மா"ன்னாங்க. அப்புறம் பேனாவைக் கீழ வெச்சுட்டுச் சொன்னாங்க. "இங்க வர்ற பசங்க எல்லாரும் இதையேதாம்மா சொல்றாங்க. செடிதான், ஒண்ணும் பண்ணாது, எப்ப வேணும்னாலும் விட்டுரலாம். எடுக்குற எல்லாருக்கும் இப்படி ஆகாது. ஆனா கெடுதல் இல்லைன்னு நம்புறவனுக்குப் பயம் இருக்காது. சின்ன வயசுலயே ஆரம்பிக்கிறான், நெறைய எடுக்குறான், கடைசில விட முடியாமப் போறது அவனுக்குத்தான். வீட்டுல யாராச்சும் ஒருத்தராவது இது தப்புன்னு சொல்லியிருக்கணும்"னாங்க.

என்னையத்தான் சொல்றாங்க. எனக்குச் சுருக்குனு வந்துச்சு. கல்யாணம் ஆயிருச்சான்னு கேட்டேன். இல்லைன்னாங்க. பின்ன என்ன தெரியும்?

நர்சம்மா ஒண்ணு கத்திரிக்கோலைத் தூக்கிட்டு வந்துச்சு, கையில கெடக்குற கயித்தை வெட்டணுமாம். அந்த வார்டுல கயிறு, பெல்ட்டு எதுவும் இருக்கக் கூடாதாம். நான் அவன் கை மேல படுத்துக்கிட்டேன். இந்தக் கயிறுதான் எம் பிள்ளையைக் குடியில விழாம இதுவரைக்கும் காப்பாத்திருக்கு, வெட்டுனா என் கைய வெட்டுன்னேன். டாக்டரம்மாதான் விட்டுருங்கன்னு சொன்னாங்க. அந்த ஒண்ணுக்கு அவங்களுக்குப் புண்ணியம்.

மொத நாலஞ்சு நாளு அவன் பட்ட பாடு இருக்கே. கண்ணுல பாக்கக் கூடாது டீச்சர். ஒடம்பு முறுக்குது, தூக்கம் இல்ல, வாந்தி, "என்னைய விட்டுருங்கடா"ன்னு கத்துறான். என்னையக் கிட்டக் கூப்பிட்டு, காதுல, "ம்மா, ஒண்ணே ஒண்ணும்மா. அபினேஷ்கிட்ட கேட்டு வாங்கிட்டு வாம்மா. தூங்கிருவேம்மா"ன்னான். கையெடுத்துக் கும்புட்டான். பிள்ளை தாய்கிட்டப் பிச்சை கேக்குற மாதிரிக் கும்புடலாமா? நான் வெளிய வந்து அந்தப் படிக்கட்டுல உக்காந்து வாயில முந்தானையை அடைச்சுக்கிட்டு அழுதேன்.

டாக்டரம்மா அதையும் பாத்துட்டாங்க போல. "இன்னும் கொஞ்ச நாளு தாங்கிக்கங்கம்மா. இப்பத்தான் தெளிஞ்சுக்கிட்டு வரான். இந்த நேரத்துல மறுபடி ஒரு தடவை உள்ள போச்சுன்னா அந்தக் கொரலெல்லாம் திரும்ப வந்துரும். அப்புறம் போகாமலே நின்னுட்டா என்னால ஒண்ணும் செய்ய முடியாது. வெளிய இருந்து எதுவும் குடுத்துராதீங்க"ன்னாங்க. டாக்டருங்க அப்படித்தான, பயமுறுத்துறது அவங்க தொழில்.

நேத்துப் போனேன். எழுந்து உக்காந்திருந்தான். மூஞ்சி கழுவியிருந்தான். என்னையப் பாத்து, "வெயில்ல வந்தியாம்மா?"ன்னான். எத்தனை மாசம் ஆச்சு அவன் என்னைய அப்படிக் கேட்டு. கை வெந்த எடத்தைத் தொட்டுப் பாத்தான். அப்புறம், "நாளைக்கு இட்லியும் பொடியும் கொண்டு வாம்மா"ன்னான். "உன் பொடி"ன்னான்.

அதைக் கேக்கல டீச்சர். அதைப் பத்தி ஒரு வார்த்தை கேக்கல. செவுத்தைப் பாத்துக்கிட்டுப் படுத்துட்டான். அதான் என்னால தாங்க முடியல. கேட்டாக்கூடப் பரவால்ல. எம் பிள்ளை கேக்கவும் வெக்கப்பட்டுக்கிட்டு, நர்சுக்குப் பயந்துக்கிட்டு, உள்ளுக்குள்ளயே வெச்சுப் புழுங்குறானே. பொடி கொண்டு வான்னு பசிக்குத்தான் கேக்குறான், அது இல்லாம அவனுக்கு எப்படிப் பசிக்கும், எப்படி எறங்கும்? பெத்தவளுக்குத் தெரியாதா?

இல்ல, இல்ல, நீங்க மொதல்ல கேளுங்க.

நேத்துச் சாயந்திரம் அபினேஷைத் தேடிப் போனேன். அவங்கப்பா தையக் கடையில சட்டைக்குக் காஜா எடுத்துக்கிட்டு இருந்தான். என்னையப் பாத்ததும் எந்திரிச்சு நின்னான். வெளிய கூப்புட்டுக் கேட்டேன், கொஞ்சம் இருந்தாக் குடுப்பான்னு. அவன் மூஞ்சி வெளுத்துப்போச்சு. "அம்மா, நான் விட்டுட்டேம்மா. லோகித்தை அப்படிப் பாத்ததுல இருந்து அதைத் தொடவே இல்லம்மா. நாங்க பேசினது எல்லாம் சும்மா அடிச்சு விட்டதும்மா. ரீல்ஸ்ல பாத்ததை ஒருத்தன் சொல்ல, அதை இன்னொருத்தன் சொல்ல, அப்படியே நம்பிட்டோம். குடுக்காதீங்கம்மா அவனுக்கு"ன்னு கால்ல விழுகாத குறை.

நான் விடுவேனா? "என்னடா இப்ப மாத்திப் பேசுற? நீங்கதானடா சொன்னீங்க, இது செடி, துளசி மாதிரின்னு? கெமிக்கல் இல்லைன்னு? ஃபாரின்ல டாக்டரே எழுதிக் குடுக்குறாங்கன்னு? கோட்டுப் போட்ட பொம்பளையைக் காட்டலையா நீங்க?" எல்லாத்தையும் ஒண்ணு விடாமச் சொன்னேன். எனக்குத்தான் இப்ப எல்லாம் மனப்பாடம் ஆயிருச்சே. அந்தப் பய தேம்பித் தேம்பி அழுகுறான். கடைசில, "நீ குடுக்கலைன்னா நான் எங்க கெடைக்குதோ அங்க போயி எவன் கால்லயாச்சும் விழுந்து வாங்குவேன்"னேன். பயந்துட்டான். மாடியில ஓட்டுக்கடியில பழசு கொஞ்சம் கெடந்துச்சாம், எடுத்தாந்து குடுத்தான். குடுத்துட்டு, கைய அவன் சட்டையில தொடைச்சுத் தொடைச்சு விட்டுக்கிட்டான்.

பெருங்காயம் ஏன் கூடப் போட்டேன்னு இப்பத் தெரியுதா டீச்சர்? டப்பாவுக்குள்ள, பொடிக்கு அடியில, கவர்ல கட்டிப் பொதைச்சு வெச்சிருக்கேன். வார்டு வாசல்ல செக்யூரிட்டி கூடையைத் தொறந்துதான் பாப்பாரு, பொடியைக் கிண்டியா பாக்கப் போறாரு? கொஞ்சம்தான். இன்னைக்கு ஒரு நாளு அவன் வயிறாரத் தின்னு தூங்கட்டும். அவன் தூங்குறதைப் பக்கத்துல உக்காந்து பாக்கணும் எனக்கு. அப்புறம் நானே நிறுத்தச் சொல்றேன். எப்ப வேணும்னாலும் நிறுத்திரலாம் டீச்சர் அதை.

இருங்க, கண்டக்டர் என்னமோ சொல்றாரே. என்னங்க தம்பி? செக்கிங்கா? எங்க? அந்த வளைவுலயா?

ஐயோ கருப்பா.

டீச்சர். டீச்சர், கோவிச்சுக்காதீங்க. உங்களை ஒண்ணு கேக்கணும்னுதான் மொதல்ல இருந்தே வாய் வரைக்கும் வருது. இந்த டப்பாவை மட்டும் உங்க பையில வெச்சுக்கங்க. போலீஸு ஏறினா என்னைய மாதிரி ஆளைத்தான் கிண்டுவாங்க. உங்க கழுத்துல அட்டை இருக்கு, உங்களை யாரும் தொட மாட்டாங்க. செக்கிங் தாண்டினதும் வாங்கிக்கறேன். ஒருவேளை என்னையப் புடிச்சு எறக்கிட்டாங்கன்னா, நீங்க கொண்டுபோயிக் குடுத்துருங்க. ரெண்டாவது மாடி, கம்பிக் கதவு போட்ட வார்டு. லோகித்துன்னு கேட்டாக் காட்டுவாங்க. செவத்த பய, கையில கருப்புக் கயிறு கட்டியிருப்பான். அவங்கம்மா குடுத்துவிட்டாங்கன்னு சொல்லுங்க. வேற யாரு குடுத்தாலும் திங்க மாட்டான், என் பேரைச் சொல்லுங்க.

வாங்கிட்டீங்களா? நீங்க நல்லா இருக்கணும் டீச்சர். உங்க பிள்ளைகுட்டி நல்லா இருக்கணும். எனக்குத் தெரியும், நீங்க வாங்கிக்குவீங்கன்னு.

உள்ள வைங்க டீச்சர், பைக்குள்ள. கையில வெச்சுக்கிட்டு என்ன பாக்குறீங்க? அங்கிட்டு எதுக்குத் திரும்புறீங்க? டீச்சர், ஜன்னல்... வேணாம் டீச்சர், குடுத்துருங்க, உங்களுக்குப் பயமா இருந்தா நானே வெச்சுக்கறேன், குடுங்க...

ஐயோ!

வண்டியை நிறுத்துங்க! கண்டக்டர் தம்பி, விசிலடிங்க, நிறுத்தச் சொல்லுங்க! எம் பிள்ளை டப்பா விழுந்துருச்சு... விழுகல, இந்தம்மா தூக்கிப் போட்டுட்டாங்க. உங்களை நம்பித்தான உக்காந்தேன்? நீங்க டீச்சராம்மா? பெத்து வளத்திருந்தாத்தான தெரியும் உங்களுக்கு. என் கையை விடுங்க. ஏன் நீங்க அழுகுறீங்க? உங்களுக்கு என்ன வந்துச்சு? கையை விடுங்க டீச்சர், நான் எறங்கணும்.

வெறும் இட்லியைக் கொண்டுபோயி நான் எப்படி அவன் மூஞ்சில முழிப்பேன்? என்னம்மா, பொடி எங்கம்மான்னு கேப்பானே, நான் என்ன சொல்லுவேன்? ஆறு மாசம் கழிச்சு இப்பத்தான வாயைத் தொறந்து கேட்டான். மொளகாயைப் பாத்துப் பாத்து வறுத்தேன், எள்ளு கருகாம, அவனுக்குப் புடிக்கிற பதத்துல.

வேற எதுவும் கேக்கலையே. எம் பிள்ளை பொடி மட்டும்தான டீச்சர் கேட்டான்.